முந்தி வந்த பருவம்

மலாயாவில், ஜாசின் ஊருக்கு உள்ளே மூன்று ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்டு. காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசர் ஒருவர் அங்கேயே குடியிருந்தார். வெள்ளைக்கார டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை காரில் வந்து போவார். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி முடித்திருந்த என்னை அங்கே அனுப்பியபோது எனக்கு இருபது வயது கடந்து அதிக நாளாகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதி அது.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாக்காவில் சர்வே ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. எங்கள் சனத்தில் எந்தப் பெண் இப்படித் தோட்டத்துக்குப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அம்மா என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

பாதிப் படுக்கைகளில் எப்போதும் மலேரியாக் காய்ச்சல். மீதியில் பேறுகாலம், வயிற்றுப்போக்கு, ஆறாத கால்புண். கொயினா மருந்து ஊற்றி ஊற்றி என் விரல்களே கசக்கும். ரப்பர் பால் வெட்டு முடிந்து, பாலை எடை போட்டு, ஜனங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிய பிறகுதான் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அப்படி ஒரு மழை மதியத்தில்தான் ஒரு தாய் மகளோடு வந்தார். தன் சேலை முந்தானையால் மகளை மார்போடு சேர்த்துச் சுற்றியிருந்தார். பிள்ளை மரத்திலிருந்து விழுந்துவிட்டதாகவும், அடிபட்டு ரத்தம் வருவதாகவும் டிரெசரிடம் சொன்னார். டிரெசர் என்னைக் கூப்பிட்டுவிட்டு ஆண்கள் வார்டுக்குப் போய்விட்டார்.

பெண்ணைப் பார்த்ததும் பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும் என்று நினைத்தேன். வயதைக் கேட்டேன். தாய் தரையைப் பார்த்தபடி, "ஏழு நடக்குது மிஸ்ஸி," என்றார். தாதிகளைத் தோட்டத்து ஜனங்கள் மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். நான் நம்பவில்லை. இதே ஆஸ்பத்திரியில் பிறந்தவள்தான் என்றும், அந்த வருஷம் ஆற்று வெள்ளம் லயத்து வாசல்வரை வந்தது என்றும் அவர் சொன்னபோது நம்பவேண்டியதாயிற்று.

கழுவும் அறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மரத்திலிருந்து யாரும் விழவில்லை. எனக்கு விஷயம் புரிந்தது. மனம்தான் ஏற்க மறுத்தது. நான் கதவைச் சாத்தியதும் அந்தத் தாய் சுவரோடு சரிந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளையின் உடம்பு ஒரு வருஷமாகவே மாறத் தொடங்கிவிட்டது. முதலில் வீக்கம் என்று நினைத்து இலையை வதக்கிப் பத்துப் போட்டிருக்கிறார். பிறகு பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். ரத்தம் கண்டது இது மூன்றாவது தடவை. முதல் தடவை சூடு என்று சொல்லிச் சமாளித்தார். இரண்டாம் தடவை காலில் கண்ணாடி குத்திவிட்டது என்றார். இப்போது சொல்வதற்குப் பொய் மீதியில்லை.

பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் போய் இறந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"மிஸ்ஸி, நான் செத்துருவனா?"

இல்லை என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டாள். நிச்சயமாக என்றேன்.

"அப்ப அம்மா ஏன் அழுவுது?"

நான் துவைத்த துணி ஒன்றை எடுத்து அவளுக்கு மடித்துக் கொடுத்தேன்.

கேட்கவேண்டிய ஒன்றைத் தாயிடம் தனியாகக் கேட்டேன்: யாராவது பிள்ளையைக் கெடுத்திருக்கக்கூடுமா என்று. அதே பயத்தோடுதான் அவரும் எத்தனையோ நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். மகளைத் தூண்டித் தூண்டிக் கேட்டும் இருக்கிறார். அந்த வாரம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை, வயிற்றில் கட்டியும் இல்லை, இந்தப் பெண்ணின் உடம்பு தானாகவே முந்திக்கொண்டிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது என்று சொன்னார். மோசமாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் சொல்ல அவரிடம் அவ்வளவுதான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. எங்கள் வீட்டுப் பேச்சில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பெயர். அந்தப் பழக்கத்தில், "பயப்பிடாதேங்கோ. பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "புள்ளைக்கு வருத்தம் இல்லாம இருக்கலாம் மிஸ்ஸி. எனக்கு இருக்குதே," என்றார்.

என் சொல் அவர் காதில் வேறாக விழுந்திருக்கிறது என்று எனக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதும் உண்மைதானே. அப்படியே விட்டுவிட்டேன்.

நோய் என்று சொல்லியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். நோய் இல்லை என்றால் பின்னே என்ன? பாவம், அல்லது யாரோ செய்த வினை, அல்லது தாயின் தப்பு. கர்ப்பமாக இருந்தபோது கடைசி மாதம்வரை பால் வெட்டியது, ரப்பர் பால் உறையப் போடும் ஆசிட்டின் வாடையில் நின்றது, மகளுக்கு ஒரு காய்ச்சலின்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கொடுத்த சூரணம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, இதனாலா, இதனாலா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். எதனால் என்று எனக்குத் தெரியாதபோது எதனால் இல்லை என்று எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் குற்றவாளிபோல என் முன் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் படித்த தாதிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மலாக்காவில் எனக்குப் பயிற்சி கொடுத்த மேட்ரன் நீண்ட காலம் வேலை செய்தவர். அவரிடம் கேட்போம் என்று, என் விடுமுறை நாளில் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண் பரிசோதனைக்கு என்று தந்தையிடம் சொல்லியிருந்தோம்.

மேட்ரன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேஜையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் பேசினார். இப்படி ஒரு பெண்ணை அவர் முன்பு வேறோர் ஊரில் பார்த்திருக்கிறார். இனிமேல் கிடுகிடுவென வளர்வாள். ஆனால் சீக்கிரமே வளர்ச்சி நின்றுவிடும், வளர்ந்தபின் குள்ளமாகத்தான் இருப்பாள். மற்றபடி நன்றாக வாழ்வாள், கல்யாணம் செய்யலாம், பிள்ளையும் பெறலாம், எல்லாம் அதனதன் வயதில். உடம்பால் வரும் ஆபத்தைவிட, அந்த உடம்பைப் பார்த்து அவளைப் பெரியவளாக எண்ணுகிறவர்களால் வரும் ஆபத்துதான் பெரிது. "அவள் ஏழு வயதுப் பிள்ளை. வீட்டில் ஒருவராவது இதை ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்திருக்கவேண்டும்," என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்லத் தாய் தலையாட்டிக்கொண்டே இருந்தார். குள்ளமாகத்தான் இருப்பாள் என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் நிறுத்தி, அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மலாக்காவை ஒட்டிய கிளேபாங்கில் என் சிநேகிதி ஒருத்தியின் வீடு இருந்ததால் அவர்களை அங்கே கூட்டிப்போனேன். கடற்கரை அந்த வீட்டுக்குப் பின்னாலேயே. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அந்தத் தாய் கடலைப் பார்த்ததில்லையாம். மகள் பார்த்ததே இல்லை. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் பார்க்க, அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். அலை வரும்போது கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குமரி வெட்கமில்லாமல் குதிப்பதாகத்தான் தோன்றியிருக்கும். தாய் அவளை அதட்ட எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப மணலில் உட்கார்ந்தார்.

"வெளையாடட்டும்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டானது. லயத்தில் ஒரே அறை. அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். துணி துவைக்க எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அங்கே எதையும் மறைக்க முடியாது. ஆகவே அந்த நாட்கள் வரும்போது, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கவேண்டும், இரத்தச் சோகைக்குக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிப் பிள்ளையை வார்டில் வைத்துக்கொள்வேன். டிரெசருக்குத் தெரியும், அவருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு, ஒன்றும் கேட்கமாட்டார். துணிகளை ஆஸ்பத்திரி அண்டாவிலேயே போட்டுக் கொதிக்கவைத்துவிடுவேன். தாய் வேலை முடிந்து வந்து, மகளுக்குத் தலை சீவிவிட்டு, என்னோடு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். நான் அவரை நீங்கள் என்றுதான் பேசினேன். தோட்டத்தில் வேறு யாரும் அவரை அப்படிப் பேசியதில்லை என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

பிள்ளையிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நான் மிகவும் யோசித்தேன். நான் பெரியவளான நாள் எனக்கு நினைவிருந்தது. என்னை ஓர் அறையில் உட்காரவைத்துப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். என்ன நடந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இவள் ஏழு. ஆகவே மிக எளிமையாகச் சொன்னேன். எல்லாப் பெண்களுக்கும் இது வரும், அம்மாவுக்கும் வரும், எனக்கும் வரும். உனக்குக் கொஞ்சம் அவசரப்பட்டு வந்துவிட்டது. இது நோயும் இல்லை, அசிங்கமும் இல்லை என்றேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, துரையம்மாவுக்கும் வருமா என்றாள். வரும் என்றேன். அது அவளுக்குப் பெரிய திருப்தியைக் கொடுத்தது.

இப்படிக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிற்று. வார்டில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளைகளுக்கு அவள்தான் கூட்டாளி. அவர்களைவிட ஒரு முழம் உயரமாக உட்கார்ந்துகொண்டு, அவர்களோடு சமமாகச் சண்டை போட்டு அஞ்சாங்கல் ஆடுவாள்.

விஷயம் வெளியே வந்ததற்கு அவளே காரணம். ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இவள் வயதுப் பெண்கள் சிலர் போவார்கள். அங்கே ஒருத்தி விரலை அறுத்துக்கொண்டு ரத்தத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். இவள் அவளைத் தேற்றியிருக்கிறாள்: அழாதே, எனக்குக்கூடத்தான் மாசாமாசம் ரத்தம் வருது, மிஸ்ஸி அது நோவு இல்லன்னு சொன்னாங்க என்று. ஆயா காதில் அது விழுந்தது. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அசிங்கம் இல்லை என்று நான் சொன்னதை அந்தப் பிள்ளை அப்படியே நம்பியிருக்கிறாள். அவ்வளவுதான்.

என்னென்ன பேசினார்கள் என்பதை எழுத எனக்கு மனமில்லை. குழாயடியில் தாய் வாளி வைக்கப் போனால் மற்றப் பெண்கள் தங்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். தீட்டை மறைத்து எல்லோருடனும் புழங்கியதால்தான் அந்த வருஷம் லயத்தில் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் போயின என்றார்கள். அந்தக் குழந்தைகள் என் கையில்தான் போயின. மலேரியா என்பது எனக்குத் தெரியும். போய்ச் சொன்னேன். சரிங்க மிஸ்ஸி என்று கேட்டுக்கொண்டார்கள். மறுநாளும் வாளிகள் நகர்ந்தன.

தந்தைக்குக் கள்ளுக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்கு வந்து கத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து மகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் சம்பள நாளில் ஜாசின் பசாருக்குப் போகும்போது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். பெரிய உருவமாகிவிட்டாளே என்று பார்க்கிறவர்கள் சிரித்தாலும் விடமாட்டார். இப்போது அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம்கூடத் திரும்புவதில்லை. அப்பாவுக்கு என்மேல் ஏன் கோபம் என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருப்பதாகத் தாய் சொன்னார். வெட்கத்தினால்தான் அப்படி இருக்கிறார், என்ன செய்வதென்று தெரியாததனால் என்று நான் நினைத்தேன். ஆனால் அதைப் பிள்ளைக்கு விளக்க முடியாது.

அடுத்த மாதமோ என்னவோ, அவளுக்கே மலேரியா வந்தது. தாய் மலைமேட்டில் பால் வெட்டப் போயிருந்தார். ஆள் அனுப்பி வர நேரமாகும். குளிரில் பல் கிட்டிக் கிடந்த மகளைத் தந்தைதான் தூக்கிக்கொண்டு, செம்மண் சேற்றில் ஆஸ்பத்திரிவரை நடந்து வந்தார். நான் கட்டிலைக் காட்டியும் அவர் அவளை இறக்கவில்லை. அவள் அவர் கழுத்தை இறுகக் கட்டியிருந்தாள். நினைவில்லாமலேயே அப்பா, அப்பா என்று அனத்திக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே நின்றார். அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மேட்ரன் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தூக்கலாமா மிஸ்ஸி? தப்பில்லையே?"

உங்கள் பிள்ளை, தூக்குங்கள் என்றேன். அந்த மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் ரப்பர் விலை விழத் தொடங்கியிருந்தது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள். பிறகு ஆளைக் குறைத்தார்கள். தோட்டம் தோட்டமாக ஜனங்களை லாரியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். தாயின் அண்ணன் அதே தோட்டத்தில் தண்டலாக, வேலையாட்களை மேய்க்கும் ஆளாக இருந்தவர். தங்கையையும் மாப்பிள்ளையையும் இந்த நாட்டுக்குக் கூட்டி வந்ததே அவர்தான். அவர் பெயரும் போகிறவர்களோடு சேர்ந்தது. அவருக்கு இருபது வயதில் ஒரு மகன்.

தாய்மாமன் என்ற முறையில் அவர் கேட்டதில் அந்தக் கால வழக்கப்படி புதுமை எதுவும் இல்லை. சடங்கு செய்யாமல் பிள்ளையை வைத்திருப்பது குடும்பத்துக்கே கேடு. குச்சு கட்டித் தண்ணீர் ஊற்றவேண்டும். கையோடு தன் மகனுக்குப் பேசி முடித்துக் கப்பலில் ஊருக்கு அழைத்துப்போய்விட வேண்டும். லயத்தின் பேச்சுக்கும் அதோடு முடிவு வந்துவிடும். அவர் கெட்டவர் அல்ல. தங்கை மானத்தோடு வாழ அதுதான் வழி என்று மெய்யாகவே நம்பினார். தந்தை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தாய் என்னிடம் வந்து, நீங்கள் வந்து பக்கத்தில் நில்லுங்கள், பேசவேண்டாம், நின்றால் போதும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது லயத்து வாசலில் கூட்டம் நின்றது. அண்ணனும் அவர் மனைவியும் தாம்பாளத்தில் புதுச் சேலை, தேங்காய், பழம், மஞ்சள் வைத்துக் கொண்டுவந்து கீழே வைத்திருந்தார்கள். மகன் சற்றுத் தள்ளி, கூனிக்குறுகி நின்றான். அவனைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவை என்று அண்ணன் சொன்னார்.

தாய் உள்ளே போய் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பெரியமனுஷியாக அலங்கரித்து அல்ல. பழைய பாவாடை சட்டையோடு. அவளுடைய முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, "வாயத் தொற பாப்பா," என்றார். பிள்ளை திறந்தாள். அந்த வாரம்தான் ஒரு பல் விழுந்திருந்தது. முன்பல்லுக்குப் பக்கத்தில் காலியாக, ஈறு சிவந்திருந்தது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. பால்பல்லு விழுந்து இன்னும் மொளைக்கல. ஒடம்பு அதுபாட்டுக்கு ஓடிப்போச்சு, அதுக்கு நான் என்ன செய்ய? என் புள்ள இன்னும் அங்க போய்ச் சேரல. இவளுக்கா தாலி?"

அண்ணன் தங்கையைப் பார்க்காமல் தங்கையின் கணவரைப் பார்த்தார். என்ன மச்சான், பொம்பளையைப் பேசவிட்டுவிட்டு நிற்கிறாய் என்ற அர்த்தத்தில். தந்தை முன்னால் வந்தார். குனிந்து அந்தத் தாம்பாளத்தை எடுத்தார். ஒரு பழம் உருண்டு விழுந்தது; அதையும் எடுத்துத் துடைத்து வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து அண்ணனிடம் நீட்டினார். "மன்னிச்சுக்குங்க," என்றார்.

அண்ணன் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். போகும்போது தங்கையிடம், "இனிமே உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர்கள் லாரி ஏறிய நாளில் தாய் ரோட்டோரம் வரை போய் நின்றார். அண்ணி தலையைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் பார்த்ததாகவும், கையைத் தூக்கப் போனவர் தூக்கவில்லை என்றும் அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அது உண்மையா, அவர் ஆசைப்பட்டு நினைத்துக்கொண்டதா, தெரியாது. தாயையும் தகப்பனையும் சிறு வயதிலேயே இழந்த அவரை அந்த அண்ணன்தான் சோறூட்டி வளர்த்தவர். அதன்பின் ஊரிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மகளைக் காப்பாற்றினோம் என்ற நிம்மதியோடு அவரால் ஒருநாளும் முழுமையாக இருக்க முடியவில்லை. நான் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் அந்த இடத்தை எட்டவில்லை. ஆகவே அவர் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இருவரும் பாண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருப்போம்.

அரைச் சம்பளத்தில் அவர்கள் அந்தத் தோட்டத்திலேயே தங்கினார்கள். மரவள்ளிக்கிழங்கு போட்டுச் சாப்பிட்ட வருஷங்கள் அவை. வேலை போய் எத்தனையோ குடும்பங்கள் வெளியேறியதும் லயத்தின் பேச்சும் மெல்ல மெல்ல ஓய்ந்தது. குழாயடியில் வாளியை நகர்த்திய பெண்களில் பாதிப் பேர் கப்பலில் போய்விட்டார்கள். மீதிப் பேருக்குப் பசி பெரிதாக இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படித்தாள். எட்டு வயதில் வகுப்பிலேயே உயரமாக இருந்தவள், பதினொரு வயதில் மற்றவர்களோடு சமமானாள். அதன்பின் மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். மேட்ரன் சொன்னது அப்படியே நடந்தது. தான் மட்டும் ஏன் வளரவில்லை என்று ஒருமுறை என்னிடம் அழுதாள். மரம் முந்திக் காய்த்தால் கிளை உயராது என்பதுபோல ஏதோ சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மரம் இல்ல மிஸ்ஸி," என்றாள். சரி, இல்லைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவளுக்குப் பதின்மூன்று முடிந்ததும், அவளோடு விளையாடிய பெண்களுக்கெல்லாம் சடங்கு நடந்த அதே வருஷத்தில், தாய் அவளுக்கும் தண்ணீர் ஊற்றினார். அதுவரை தள்ளிவைத்ததைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் சனத்தில் சாமத்தியம் என்போம். அவர்கள் சடங்கு என்பார்கள். நான் போயிருந்தேன். புதுச் சேலை அவளுக்கு நீளமாக இருந்ததால் இடுப்பில் பலதரம் மடித்துச் செருகவேண்டியிருந்தது. அவளே அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அந்த வயதுக்கு உரிய சிரிப்பாக நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பிறகொரு நாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் எட்டு வயது மகளோடு வந்தாள். முகத்தைப் பார்த்தவுடனே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பிள்ளையைப் பார்த்தேன், டாக்டரிடமும் காட்டினேன். நான் என்ன சொல்லியும் அந்தப் பெண் கேட்கும் நிலையில் இல்லை. முதல் பிள்ளையின் தாய்க்கு ஆள் அனுப்பினேன். வேலை முடிந்ததும், ரப்பர் பால் வாடை போகாத சேலையோடு அந்தத் தாய் வந்தார். வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கதையை முதலிலிருந்து சொன்னார். அண்ணனைப் பற்றிய பகுதியையும் மறைக்காமல் சொன்னார். நான் உள்ளே மருந்து கலந்துகொண்டிருந்தேன். இது எதனால் வந்தது என்று அந்தப் பெண் கேட்பது காதில் விழுந்தது.

"தெரியாது. நம்மளால இல்ல. அதமட்டும் எனக்குத் தெரியும்," என்றார் இவர்.

அதற்குப் பிறகும் இப்படிச் சில தாய்மார் வந்தார்கள். எல்லோருடைய கதையும் நன்றாக முடியவில்லை. ஒரு பெண்ணை ஒன்பது வயதில் கட்டிக்கொடுத்து விட்டார்கள். எங்களுக்குத் தெரிய வந்தபோது குடும்பம் வேறு மாநிலத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டிருந்தது.

முப்பதுகள் முடியும் தறுவாயில், ஏழு வயதில் என்னிடம் வந்த இவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஜாசினில் லாரிக் கிளீனராக இருந்தவர். பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். கேட்பது அப்போது வழக்கமில்லை. தாய் பிடிவாதமாகக் கேட்கவைத்தார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாளாம்.

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் காலையில் முகூர்த்தம். பூமாலை அவள் முழங்காலைத் தொட்டது. தாய்மாமன் செய்யவேண்டிய சீருக்கு நேரம் வந்தபோது பூசாரி ஆளைக் கூப்பிட்டார். சொந்தத்தில் எழ யாரும் இல்லை. தந்தையின் கூட்டாளி ஒருவர், அடுத்த லயத்துக்காரர், முன்பே பேசிவைத்தபடி வந்து நின்று செய்தார். குறையில்லாமல்தான் செய்தார். தாய் முழு நேரமும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை மட்டும் திரும்பி, கோவிலுக்கு வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் ரோட்டைப் பார்த்தார். பிறகு அட்சதைத் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.